மூன்று மாதம் போய்வரும் பம்ப்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், ராணுவத்தின் விமானங்களையும் வண்டிகளையும் ஓடும் நிலையில் வைத்திருக்க, எத்தனை உதிரிபாகம் வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்பதைக் கணினியில் சிமுலேஷன் ஓட்டிப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்று ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அந்த ஒரு பத்திக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், பாதிக்கு மேல் நம் பெங்களூரிலிருந்துதான். எச்ஏஎல், பெல், மெட்ராஸ் சேப்பர்ஸ், ராணுவ வொர்க்‌ஷாப் என்று ஏதாவது ஒன்றில் சொந்தக்காரர் ஒருவராவது வேலை பார்க்காத தமிழ்க் குடும்பம் இந்த ஊரில் குறைவு. அதனால் இந்த முறை முழுக்க அந்தக் கேள்விகள்தான்.

என் மகனுக்கு 'லாஜிஸ்டிக்ஸ் சப்போர்ட் சிமுலேஷன்' என்று ஒரு வேலை கிடைத்திருக்கிறது. விமானி பயிற்சி எடுப்பாரே, அந்த சிமுலேட்டரா? அவனிடம் கேட்டால் "உனக்குப் புரியாதும்மா" என்கிறான்.
– விமானபுரத்திலிருந்து ஓர் அம்மா

உங்களுக்கு நன்றாகவே புரியும் அம்மா. விமானி உட்கார்ந்து ஓட்டும் சிமுலேட்டர் வேறு, இது வேறு.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 600 பேர் வருவார்கள், ஒரு பந்திக்கு 150 இலை, அப்படியானால் நாலு பந்தி என்று கணக்குப் போடுகிறோம். ஆனால் நடப்பது அப்படியா? முகூர்த்தம் முடிந்ததும் 300 பேர் ஒன்றாக வந்து நிற்பார்கள், இலை எடுக்கிற ஆள் ஒருவர் காணாமல் போயிருப்பார், சாம்பார் வாளி இரண்டுதான் இருக்கும், கடைசிப் பந்தியில் 40 பேர் உட்கார்ந்திருப்பார்கள். அனுபவமுள்ள சமையல்காரர் இதையெல்லாம் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் "வாளி இன்னும் நாலு வேண்டும்" என்பார். உங்கள் மகன் அதையே விமானத்துக்கோ ரேடாருக்கோ செய்வார். விமானம் பறக்கிறது, ஒரு பாகம் பழுதாகிறது, ஸ்டோரில் மாற்றுப் பாகம் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கிருந்து எத்தனை நாளில் வரும், பழுதான பாகம் எந்த வொர்க்‌ஷாப்புக்குப் போகும், அங்கே வரிசையில் எத்தனை நாள் நிற்கும் என்று ஒவ்வொரு சம்பவமாகக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பார். ஒரு விமானத்தளத்தின் பத்து வருஷ வாழ்க்கையைச் சில நிமிஷத்தில் ஓட்டலாம், ஆயிரம் தடவை ஓட்டலாம், ஒவ்வொரு தடவையும் பழுதுகள் வேறு வேறு நாளில் வரும். ஆயிரத்தில் எத்தனை தடவை சிக்கல் வந்தது என்பதுதான் விடை. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்களே, அந்த அச்சாணி எப்போது, எங்கே இருக்க வேண்டும் என்று பார்க்கிற வேலை. நல்ல வேலை அம்மா, பையனுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

இதற்கு எதற்கு சிமுலேஷன்? மாதத்துக்குச் சராசரி எத்தனை பழுது, ரிப்பேருக்குச் சராசரி எத்தனை நாள் என்று எக்செல்லில் பெருக்கினால் எத்தனை ஸ்பேர் வேண்டும் என்று வந்துவிடாதா?
– மாரத்தஹள்ளியிலிருந்து ஓர் இளம் இன்ஜினியர்

எனக்கு வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இது. நானும் ஸ்பேர் திட்டமிடும் வேலையில் சேர்ந்த புதிதில் இப்படித்தான் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம், எண்கள் நான் வசதிக்காக எடுத்துக்கொண்டவை.

ஒரு தளத்தில் 20 விமானங்கள், ஒவ்வொன்றும் மாதம் 20 மணி நேரம் பறக்கிறது, மொத்தம் 400 மணி. ஒரு ஹைட்ராலிக் பம்ப் சராசரியாக 200 பறப்பு மணிக்கு ஒருமுறை பழுதாகிறது. அப்படியானால் மாதம் 2 பம்ப். கழற்றிய பம்ப் டெப்போவுக்கு, அதாவது பெரிய ரிப்பேர் நிலையத்துக்குப் போய் ரிப்பேராகித் திரும்ப 3 மாதம். பெருக்கினால் 6. எந்த நாளில் பார்த்தாலும் சராசரியாக 6 பம்ப் வெளியே இருக்கும், ஆகவே 6 ஸ்பேர் வாங்கினால் போதும் என்று எக்செல் சொல்லும்.

வாங்கிவிட்டோம். இப்போது ஏதோ ஒரு நாள் காலையில் ஹேங்கருக்குப் போய்ப் பார்க்கிறோம், பம்ப் இல்லாமல் ஒரு விமானமும் நிற்காமல் இருக்க எவ்வளவு வாய்ப்பு? ஏறக்குறைய 61 சதவீதம்தான். பத்தில் நாலு நாள், இந்த ஒரு பம்புக்காக மட்டும், குறைந்தது ஒரு விமானமாவது நின்றுகொண்டிருக்கும். ஏனென்றால் 6 என்பது சராசரி. சில நாள் 3 பம்ப் வெளியே இருக்கும், சில நாள் 9 இருக்கும். 3 இருக்கும் நாளில் அலமாரியில் மிச்சம் கிடக்கிற பம்ப், 9 இருக்கும் நாளுக்கு உதவாது.

பழுதுகள் இப்படிக் கொத்தாக வருவது ஒன்றும் புதிசில்லை. 1898-ல் போர்ட்கீவிச் என்கிற புள்ளியியல் அறிஞர், பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை எடுத்தார். 10 படைப்பிரிவுகள், 20 வருஷம், ஆக 200 பதிவுகள், மொத்தம் 122 மரணம். வருஷத்துக்கு ஒரு பிரிவில் சராசரி 0.61. ஆனால் 109 பதிவுகளில் ஒரு மரணமும் இல்லை, 65-ல் ஒன்று, 22-ல் இரண்டு, 3-ல் மூன்று, ஒரே ஒரு பதிவில் நாலு. நாலு பேர் இறந்த அந்த வருஷம் அந்தப் பிரிவில் இருந்தவர்கள் குதிரைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். எதுவும் ஆகவில்லை, தற்செயல் என்பதே அப்படித்தான் வரும். பாய்சான் பரவல் என்று காலேஜில் படித்திருப்பீர்கள், பம்புக்கும் அதே கணக்குத்தான்.

சரி, இந்த 61-ஐ எப்படி உயர்த்துவது? இரண்டு வழி. இன்னும் 4 பம்ப் வாங்கி 10 ஆக்கினால் ஏறக்குறைய 96 சதவீதத்துக்கு வந்துவிடும். அல்லது பம்பே வாங்காமல், போய்வரும் காலத்தை 3 மாதத்திலிருந்து ஒன்றரை மாதமாகக் குறைத்தால், அதே 6 ஸ்பேரை வைத்து ஏறக்குறைய 97. காசு மிச்சம் என்று இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும்.

இங்கேதான் நான் உங்களைக் கொஞ்சம் நிறுத்துவேன், ஏனென்றால் இது அமைதிக் காலக் கணக்கு. சண்டை வந்து பறப்பு மூன்று மடங்கானால், மாதம் 6 பம்ப் பழுதாகும். போய்வரும் காலம் மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். முதல் மாத முடிவில், 10 பம்ப் வைத்திருப்பவரின் 96 சதவீதம் 58-க்கு இறங்கும், 6 பம்பை வைத்துக்கொண்டு வேகத்தை நம்பியவருக்கு 45. அதாவது ஒரு மாதச் சண்டையில் அலமாரியில் இருப்பதுதான் கைகொடுக்கிறது. இரண்டாம் மாதம் முடியும் வாக்கில் இருவரும் ஏறக்குறைய ஒரே இடம், 20 சதவீதத்தை ஒட்டி. மூன்றாம் மாத முடிவில் 10 பம்ப் வைத்திருப்பவர் 3 சதவீதத்துக்கு விழுந்துவிடுவார், வேகமாக ரிப்பேர் செய்பவர் 20-க்குக் கீழே போகாமல் நிற்பார். அமைதிக் காலத்தில் ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு திட்டங்கள், சண்டை எத்தனை நாள் என்பதைப் பொறுத்து ஒன்றையொன்று முந்துகின்றன. இதை எந்தச் சராசரியும் உங்களுக்குச் சொல்லாது.

"இதுவும் ஃபார்முலாதானே, சிமுலேஷன் எங்கே?" என்று நீங்கள் கேட்கலாம், நியாயம். இதுவரை சொன்னதற்குக் காகிதமும் பாய்சான் அட்டவணையும் போதும். கோனி பாம் என்கிற ஸ்வீடன் இன்ஜினியர் 1930-களில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகச் செய்த கணக்கிலிருந்து வந்த வழி இது. 1968-ல் ஷெர்ப்ரூக் என்பவர், அமெரிக்க விமானப்படைக்காக ராண்ட் நிறுவனத்தில் உருவாக்கிய 'மெட்ரிக்' என்கிற ஸ்பேர் கணக்கு முறையும் அதன் மேல் எழுந்ததுதான். ஆனால் அந்த வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு, டெப்போவில் எத்தனை பம்ப் வந்தாலும் வரிசையில் நிற்காமல் உடனே கையில் எடுக்கப்பட வேண்டும். நிஜத்தில் ஒரே ஒரு டெஸ்ட் பெஞ்ச், அதாவது பாகத்தை மாட்டிச் சோதிக்கும் மேடை, இருக்கும். அந்த பெஞ்சுக்கு 80 சதவீத வேலை இருந்தால், ஒரு நாள் வேலைக்கு வந்த பாகம் சராசரியாக 5 நாளில் வெளியே போகும். 90 சதவீதமானால் 10 நாள், 95 சதவீதமானால் 20 நாள். இது எளிய வரிசைக் கோட்பாட்டின் கணக்கு. பெஞ்ச் இன்னும் அதே வேகத்தில்தான் வேலை செய்துகொண்டிருக்கும், ஆனால் வரிசை வாசலைத் தாண்டிவிடும். சண்டைக் காலத்தில் பழுது கூடும்போது இதே பெஞ்சுக்குத்தான் வேலையும் கூடும், அப்போது போய்வரும் காலம் மாறாது என்று நாம் வைத்துக்கொண்டதும் பொய்யாகிவிடும். பெஞ்சே பழுதாகலாம், லாரி தாமதமாகலாம், ஒரு பாகத்துக்குள் இன்னொரு பாகம் இல்லாமல் போகலாம். இத்தனையும் ஒன்றோடொன்று பின்னும்போது ஃபார்முலா கைவிட்டுவிடும், அங்கிருந்து சிமுலேஷன்.

இருபத்திநாலு வருஷம் ராணுவ வொர்க்‌ஷாப்பில் இருந்தவன் நான். ஸ்பேர் வரவில்லை என்றால் நிற்கிற ஒரு வண்டியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டி ஓட்டுவோம். அப்படித்தான் எத்தனையோ வண்டி ஓடியது. இதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?
– அல்சூரிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு ஹவில்தார்

ஐயா, வணக்கம். சொல்லிக்கொடுத்தால் தெரியும், சொல்லிக்கொடுக்க வேண்டியது உங்களைப் போன்றவர்கள்.

கழற்றி மாட்டுவதை சிமுலேஷனில் ஒரு விதியாகவே எழுதலாம். ஐந்து வண்டி ஐந்து வேறு பாகத்துக்காக நின்றால், ஒன்றைப் பலி கொடுத்து மற்ற நாலையும் ஓட்டிவிடலாம் என்பது உங்களுக்குக் கைவந்த கணக்கு. ஆனால் அதற்கு விலையும் உண்டு என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டும், நல்ல நட்டு போல்ட்டும் சீலும் கழற்றும்போது கெடும், பலியான வண்டி மாதக்கணக்கில் மூலையில் எலும்புக்கூடாக நிற்கும். மாடலில் இந்தக் கூடுதல் உழைப்பைச் சேர்க்காவிட்டால், கழற்றி மாட்டுவது ஏதோ இலவசம் போலத் தெரியும். அப்புறம் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் ஸ்பேர் வாங்கும் பணத்தைக் குறைத்துவிடுவார்கள்.

உங்கள் கேள்வி எனக்கு ஒரு பழைய விஷயத்தை ஞாபகப்படுத்துகிறது. பல வருஷத்துக்கு முன், ஒரு வொர்க்‌ஷாப்பின் பதிவுகளை வைத்து மாடல் செய்யும் வேலை எனக்கு வந்தது, பெயர் வேண்டாம். ஜாப் கார்டுகளில் இரண்டே தேதிதான், பாகம் உள்ளே வந்த தேதியும் வெளியே போன தேதியும். கழித்துப் பார்த்தால் ஒரு பம்புக்குச் சராசரி 50 நாளை ஒட்டி வந்தது. நான் அதை அப்படியே 'ரிப்பேர் நேரம்' என்று மாடலில் போட்டேன். மாடல் என்ன சொல்லும்? மெக்கானிக் போதவில்லை, ஆளைக் கூட்டு என்றது. அறிக்கையும் எழுதத் தொடங்கிவிட்டேன்.

அங்கே மூத்த டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். சாப்பாட்டு இடைவேளையில் என்னைக் கூப்பிட்டு, தன் மேஜை டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். காக்கி அட்டை, கிரீஸ் கறை படிந்த பக்கங்கள், தமிழும் ஆங்கிலமும் கலந்த எழுத்து. தனக்காகவே வைத்திருந்த நோட்டு அது. ஒரு பம்புக்கு நேராக எழுதியிருந்தார்: பிரித்தது திங்கள், சீல் கிட் கேட்டது அன்றே, சீல் கிட் வந்தது 41 நாள் கழித்து, மாட்டி டெஸ்ட் செய்தது ஆறு மணி நேரம். அடுத்த பக்கத்தில் இன்னொரு பம்ப், அதுவும் அப்படியே. நாங்கள் 50 நாள் ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தது, ஒரு நாள் வேலையும் மற்றபடி ஒரு ரப்பர் வளையத்துக்கான காத்திருப்பும்தான். ஆளைக் கூட்டியிருந்தால், கூடுதல் ஆட்களும் சேர்ந்து சீல் கிட்டுக்காகக் காத்திருந்திருப்பார்கள்.

அன்றிலிருந்து எந்த வேலையை எடுத்தாலும் எனக்கு முதல் கேள்வி இதுதான், இதில் வேலை எவ்வளவு, காத்திருப்பு எவ்வளவு? இரண்டையும் பிரிக்காத மாடல், எத்தனை ஆயிரம் தடவை ஓட்டினாலும் தவறான மருந்தைத்தான் எழுதித் தரும். உங்களிடம் அப்படி ஒரு பழைய நோட்டு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள் ஐயா. வெளியே காட்டக்கூடாதது எது என்று உங்களுக்கே தெரியும், ஆனால் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு, எப்படிக் குறித்து வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். பாகத்துக்காக வேலை நின்ற தேதி, மறுபடி தொடங்கிய தேதி, இந்த இரண்டு கட்டம் ஜாப் கார்டில் கூடினாலே பெரிய காரியம்.

பீன்யாவில் சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். பாதுகாப்புத் துறைக்கு பாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு சப்ளை. இரண்டு வருஷம் ஆர்டரே வராது, திடீரென்று எல்லாம் உடனே வேண்டும் என்பார்கள். இந்த சிமுலேஷனால் எங்களுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?

உண்டு, ஆனால் உங்கள் கையில் இல்லை, ஆர்டர் கொடுப்பவர் கையில் இருக்கிறது. நீங்கள் சொல்கிற இந்த இழுபறி, மேலே தேவையைச் சராசரியாகப் பார்ப்பதன் பலன். ஸ்டாக் தீரும் வரை சும்மா இருந்துவிட்டு, நாலு விமானம் நின்ற பிறகு கையைப் பிசைந்துகொண்டு உங்கள் கதவைத் தட்டுகிறார்கள். உங்களுக்கு மூலப்பொருள் கிடைக்க எத்தனை வாரம், தர ஆய்வுக்கு எத்தனை வாரம் என்பதையும் அவர்களுடைய மாடலில் சேர்த்தால், வருஷம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக ஆர்டர் கொடுப்பதுதான் மலிவு என்று அவர்களுக்கே தெரியும். அடுத்த கூட்டத்தில் உங்கள் லீட் டைமை, அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து பாகம் கொடுக்க ஆகும் காலத்தை, நல்ல மாதம் எவ்வளவு, மோசமான மாதம் எவ்வளவு என்று இரண்டாகப் பிரித்து எழுதிக் கொடுங்கள். ஒரே எண்ணாகக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. ஒப்பந்தங்களே இப்போது மாறி வருகின்றன. உதிரிபாகத்தை விற்றுவிட்டுப் போவதற்குப் பதில், 'இத்தனை சதவீத விமானம் எப்போதும் பறக்கும் நிலையில் இருக்க வேண்டும்' என்று சப்ளையரிடமே பொறுப்பைக் கொடுக்கும் முறை. 2016-ல் 36 ரஃபேல் விமானங்களுக்குப் போட்ட ஒப்பந்தத்தில், முதல் ஐந்து வருஷத்துக்கு 75 சதவீதம் தயார்நிலை என்று அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. அதற்கு முந்தைய வருஷம்தான் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை, சுகோய் 30 விமானங்களின் தயார்நிலை 75 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 55 முதல் 60 வரைதான் இருந்தது என்று சொன்னது. பொறுப்பை ஏற்பவர், கையெழுத்துப் போடும் முன் சிமுலேஷன் ஓட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார், ஏனென்றால் ஆழம் தெரியாமல் காலை விட்டால் அபராதம் அவர் தலையில். ஒசூர், கோயம்புத்தூர், சேலம், திருச்சி, சென்னை என்று தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடமும் பக்கத்திலேயே இருக்கிறது. லீட் டைமை எழுதி வைத்திருக்கும் சின்ன ஷாப்புகளுக்கு இந்த மாற்றம் நல்லது என்று உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்காவில் இதெல்லாம் பக்காவாக நடக்குமோ?
– ஜாலஹள்ளி வாசகர்

இல்லை. எஃப் 35 விமானங்களில் 2023 மார்ச் நிலவரப்படி ஏறக்குறைய 55 சதவீதம்தான் பணிக்குத் தயாராக இருந்தன என்று அந்த நாட்டு அரசின் தணிக்கை அமைப்பே எழுதியது. ரிப்பேருக்காக வரிசையில் நின்ற பாகங்கள் 10,000-க்கு மேல். கணக்குப் போடத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். விமானங்களை வாங்கிய வேகத்தில் ரிப்பேர் டெப்போக்களைக் கட்டவில்லை.

என் கணவர் லடாக்கில் இருக்கிறார். குளிர்காலத்தில் ரோடு மூடிவிட்டால் வண்டிக்கு ஸ்பேர் எப்படிப் போகும் என்று நினைத்தாலே கவலையாக இருக்கிறது.
– ஃப்ரேசர் டவுன் வாசகி

கவலை புரிகிறது சகோதரி. ஆனால் நம் ராணுவம் பல தலைமுறையாகச் செய்துவரும் வேலை இது. கோடையிலேயே லாரி லாரியாக ஏற்றி, குளிர்காலத்துக்குத் தேவையானதை முன்கூட்டியே சேர்த்து வைத்துவிடுவார்கள். 11,500 அடிக்கு மேல் இருக்கும் சோஜிலா வழி ஸ்ரீநகரிலிருந்து, மணாலி வழி இன்னொரு பக்கத்திலிருந்து, அவசரத்துக்கு விமானம். 2020-ல் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை ரோதாங் கணவாயின் தொல்லையைத் தீர்த்தது, அதற்கப்பால் பாராலாச்சா போன்ற உயரமான கணவாய்கள் இன்னும் பனியில் மூடத்தான் செய்கின்றன.

இதில் சிமுலேஷனின் பங்கு, கணவாய் எந்தத் தேதியில் மூடும் என்பதை ஒரே தேதியாக வைக்காமல் இருப்பது. பழைய வருஷங்களின் பதிவைப் பார்த்து, சீக்கிரம் மூடிய வருஷம், தாமதமாகத் திறந்த வருஷம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். குளிரில் பேட்டரி சக்தி இழக்கும், டீசல் உறையப் பார்க்கும், ரப்பர் விறைக்கும், அதனால் பழுதாகும் விகிதமும் சமவெளியில் இருப்பது அல்ல. பெங்களூரில் ஓடிய வண்டியின் பதிவை வைத்து அங்கே ஸ்டார்ட்டர் மோட்டார் எண்ணிக்கையை முடிவு செய்யக்கூடாது. அங்கே ஓடியதன் பதிவுதான் வேண்டும். உங்கள் கணவரின் வண்டியை ஓட்டுகிறவர் லாக் புக்கில் ஒழுங்காக எழுதுகிற ஒவ்வொரு வரியும் அடுத்த குளிர்காலத்து ஸ்டாக்கில் போய்ச் சேர வேண்டும்.

இதைக் கற்றுக்கொள்ள எந்த சாஃப்ட்வேர் வாங்க வேண்டும்? விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.
– எலஹங்கா, மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவி

எதையும் வாங்காதே அம்மா. அரீனா, எனிலாஜிக் என்று பெரிய பேக்கேஜ்கள் உண்டு. ராணுவப் பராமரிப்பில் பயன்படும் ஓபஸ் 10, சிம்லாக்ஸ் என்று ஸ்வீடனிலிருந்தும் உண்டு. அதெல்லாம் வேலைக்குப் போன பிறகு கம்பெனி வாங்கித் தரட்டும். பைத்தானில் சிம்பை என்று ஒரு இலவச லைப்ரரி இருக்கிறது, உன் லேப்டாப்புக்கு அது போதும்.

மேலே மாரத்தஹள்ளிக்காரருக்குச் சொன்ன பம்ப் கணக்கை முதலில் எழுது. மாதம் சராசரி 2 பழுது, போய்வர 3 மாதம், 6 ஸ்பேர். முதல் நாளிலிருந்தே கணக்கெடுக்கத் தொடங்காதே, எல்லா பம்பும் அலமாரியில் இருக்கும் முதல் சில மாதங்கள் நிஜத்தைவிட அழகாகத் தெரியும், முதல் வருஷத்தைக் கணக்கிலிருந்து விட்டுவிடு. நீண்ட காலம், பல தடவை ஓட்டு. பம்புக்காக எந்த விமானமும் நிற்காத நேரம் 61 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும், சராசரியாக நிற்கும் விமானம் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவாக, 0.96 என்று வர வேண்டும். வரவில்லை என்றால் புரோகிராமில்தான் தப்பு, திரும்பப் பார். வந்த பிறகு டெப்போவில் ஒரே ஒரு பெஞ்சை வை, அதற்கப்புறம் அந்த பெஞ்சுக்கு ஒரு சீல் கிட் தேவை என்று வை. 61 எங்கே போய் நிற்கிறது என்று எனக்கு எழுது.